ஹெரால்டின் முன் சக்கரத்தில் இருப்பது யாருடைய பிரேக்?

3 மார்ச் 2024, காரைக்குடி வாசகரின் கேள்வி

ஐயா, என் பெரியப்பா வைத்திருந்த 1965 ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. பத்து ஆண்டுகளாகக் கொட்டகையில் நின்ற வண்டி. எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டது. முன் சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே டிரம் இல்லை, டிஸ்க் இருக்கிறது! எப்போது, யார் மாற்றினார்கள் என்று சொல்ல வீட்டில் இப்போது ஆள் இல்லை. டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் காலிபரில் கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை, ஓர் எண் மட்டும் புடைப்பாக இருக்கிறது. ஒரு மெக்கானிக் காண்டசாவுடையது என்கிறார். இன்னொருவர் மாருதி 800 உடையது என்று அடித்துச் சொல்கிறார். டிஸ்கில் உரசும் பேட் தேய்ந்துபோய்விட்டது. எந்த வண்டியின் பேட் சரியாக உட்காருகிறதோ அதைப் போட்டுவிட்டால் போதும்தானே?

3 மார்ச், இரவு

போதாது தம்பி. முதலில் அந்த வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள். கொட்டகைக்குள்ளேயே நிற்கட்டும்.

பேட் உட்காருவது ஒரு பொருத்தம் மட்டும்தான். பிரேக்கில் இன்னும் நான்கைந்து பொருத்தங்கள் பார்க்க வேண்டும், அவற்றில் பாதி கண்ணுக்குத் தெரியாதவை. பேடைத் தள்ளும் பிஸ்டனின் விட்டம், குழாய் நுழையும் துளையின் மரை, பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் போர் (உள்விட்டம்), டிஸ்கின் கனம், உள்ளே இருக்கும் ரப்பர். இவற்றில் ஒன்று தவறினாலும் வண்டி ஓடும், நிற்கவும் நிற்கும். அவசரத்துக்கு ஓங்கி மிதிக்கும் அந்த ஒரு நாளில்தான் கைவிடும்.

ஹெரால்டு பிரிட்டனில் 1959 இல் வந்தது. பிறகு வந்த 1200 மாடலில் முன் டிஸ்க் வேண்டுமென்றால் கூடுதல் பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். சென்னையில் பூட்டி வந்தவற்றில் நான் கையால் தொட்ட வண்டிகள் அத்தனையும் நான்கு சக்கரத்திலும் டிரம். ஆகவே உங்கள் வண்டியில் இருப்பது பிறகு வந்து சேர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு வசதி இருக்கிறது. ஹெரால்டின் பானட் மட்கார்டுகளோடு சேர்ந்து மொத்தமாக முன்னால் கவிழும். கவிழ்த்துவிட்டு முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். நல்ல வெயில் நேரத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். காலிபரை மேலிருந்து ஒன்று, சக்கரப் பக்கத்திலிருந்து ஒன்று, எஞ்சின் பக்கத்திலிருந்து ஒன்று. குழாய் நுழையும் இடத்தைத் தனியாக எடுங்கள்.

5 மார்ச்

படங்கள் வந்தன. மாருதி 800 என்று சொன்னவர் சொன்னது சரியில்லை. மாருதி 800 காலிபரில் பிஸ்டன் ஒரே பக்கம்தான். காலிபர் முழுவதும் ஊசிகளின் மேல் நகர்ந்து மறுபக்கத்துப் பேடை இழுத்துக்கொள்ளும். உங்களுடையது நகராத வகை. இரண்டு பாதிகளை போல்ட் போட்டுச் சேர்த்து, பக்கத்துக்கு ஒன்றாக எதிரெதிரே இரண்டு பிஸ்டன்கள். பேடுகளைத் தாங்க மேலே இரண்டு ஊசிகள், அவற்றின் முனையில் கொண்டை ஊசி போன்ற கிளிப்புகள். இது கர்லிங் என்ற பிரிட்டிஷ் பிரேக் கம்பெனியின் காலிபர் முகவெட்டு.

அந்த இரண்டு பாதிகளையும் பிரிக்க வேண்டாம். பாதிகளுக்கு நடுவே பிரேக் ஆயில் போகும் வழியில் ஒரு சிறிய ரப்பர் வளையம் இருக்கும். அதற்குச் சரியான மாற்று கையில் இல்லாமல் பிரித்தால் பிறகு ஒழுகும். பிஸ்டனைக் கழற்ற அதைப் பிரிக்கவே தேவையில்லை.

எண் படத்தில் சரியாகத் தெரியவில்லை. சிறுவயதில் நாலணாவின் மேல் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்ப்போமே, அதையே செய்யுங்கள். மெல்லிய தாளாக இருக்கட்டும். துரு பிடித்த வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள்கூடத் தாளில் எழுந்து வரும். இடது, வலது இரண்டையும் எடுங்கள்.

5 மார்ச், மாலை

தேய்த்த தாளின் படம் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே எண். கடைசி இலக்கம் மட்டும் மாறுகிறது, இடது வலது வேறுபாடாக இருக்கும். ஒரே குடும்பம். நல்லது, ஒரு கவலை விட்டது.

6 மார்ச்

சக்கரத்தைச் சுற்றியிருக்கும் கறுப்புத் தூளைக் காற்றுப் பைப்பால் ஊதுகிறீர்கள் என்று ஒரு படத்தில் தெரிகிறது. உடனே நிறுத்துங்கள். பழைய லைனிங்கில், அதாவது பிரேக்கில் உரசும் பட்டையில், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்திருக்கலாம், பின் டிரம்மில் அதற்கு வாய்ப்பு அதிகம். தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வர வேண்டாம்.

9 மார்ச்

5 ஆம் தேதி மாலை நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். "ஒரே எண், ஒரு கவலை விட்டது" என்று நான் எழுதியிருக்கக் கூடாது. வார்ப்பில் புடைத்திருப்பது வார்ப்பின் எண். அது பாகத்தின் எண் அல்ல. ஒரே அச்சில் வார்த்ததை ஒரு போர் அளவுக்கும் கடையலாம், இன்னொன்றுக்கும் கடையலாம். ஒரு மரையும் போடலாம், இன்னொரு மரையும் போடலாம். வார்ப்பு எண் இரண்டிலும் ஒன்றாகவே நிற்கும். கடைசலுக்குப் பிறகு எழுத்துக்குத்தியால் அடித்த எண் ஏதாவது இருந்தால் அதற்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. அதையும்கூட அளந்து பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஓர் அம்பாசடர். அப்பாவின் வண்டி, மார்க் 3. அப்பா போன பிறகு நான்கு மாதம் ஓட்டாமல் வைத்திருந்து, ஒரு நாள் அம்மாவை ஏற்றிக்கொண்டு பேரூர் கோயிலுக்குக் கிளம்பினேன். உக்கடம் தாண்டிக் குறுக்கே ஒரு சைக்கிள். மிதித்தேன். வண்டி நின்றது, ஆனால் ஒரு முழம் இடப்பக்கம் போய் நின்றது. சைக்கிள்காரர் வலப்பக்கம் இருந்ததால் பிழைத்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, முன் சீட்டின் விளிம்பைப் பிடித்த கையை வீடு வரும்வரை எடுக்கவே இல்லை.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். லைனிங்கில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. லைனிங்கைத் தாங்கும் ஷூவைச் சரிசெய்தேன், பிரேக் ஆயிலில் சேர்ந்த காற்றை எடுத்தேன், டயரை இடம் மாற்றினேன். பட்டறைக்குப் பட்டறை போனேன். டிரம்மைக் கடைந்தார்கள், புது ஷூ போட்டார்கள். இழுப்பு குறையவில்லை. ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர்களை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. நானும்தான். இரண்டு பக்கமும் ஒரே வடிவம், ஒரே நிறம், வார்ப்பில் ஒரே எண்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ரப்பர் கிட் மாற்றலாம் என்று சிலிண்டர்களைக் கழற்றினேன். வலப்பக்கத்தில் எடுத்த ரப்பர் கப்பை மேசையில் வைத்தேன், பக்கத்தில் இடப்பக்கத்துக் கப். இடப்பக்கத்தது நகக்கண் அளவு பெரிதாகத் தெரிந்தது. ஆயிலில் ஊறி உப்பியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். வெர்னியர் வைத்துச் சிலிண்டரையே அளந்தபோது வலப்பக்கம் 22.2 மி.மீ., இடப்பக்கம் 23.8 மி.மீ. அதாவது வலப்பக்கம் முக்காலே அரைக்கால் (எட்டில் ஏழு) அங்குலம், இடப்பக்கம் அதைவிட வீசம் (பதினாறில் ஒன்று) கூட.

1.6 மி.மீ. என்ன செய்துவிடும் என்று தோன்றும். தள்ளும் விசை விட்டத்தைப் பொறுத்ததல்ல, பரப்பைப் பொறுத்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 387 சதுர மி.மீ. ஒரு பக்கம், 445 மறுபக்கம். குழாயில் ஒரே அழுத்தம் வந்தாலும் இடது சக்கரத்து ஷூவை 15 சதவீதம் அதிகமாகத் தள்ளுகிறது. டிரம் பிரேக்கில் ஷூ டிரம்மோடு சேர்ந்து தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளும் குணம் வேறு இருப்பதால் அந்த வேறுபாடு சக்கரத்தில் இன்னும் பெருகும். எப்போதோ யாரோ இடப்பக்கத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கடையில் "அம்பாசடர் முன் சிலிண்டர்" என்று கேட்டிருப்பார்கள், பெட்டியில் இருந்ததைக் கொடுத்திருப்பார்கள். திருகாணி உட்கார்ந்தது, குழாய் உட்கார்ந்தது, ஷூ உட்கார்ந்தது.

ஆகவே தம்பி, இரண்டு பக்கப் பிஸ்டன்களையும் தனித்தனியாக அளக்கும்வரை "ஒரே குடும்பம்" என்று நான் சொன்னதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

10 மார்ச்

பேடின் முதுகில் வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் 11 என்ற எண்ணும் இருப்பதால் "இது இங்கிலாந்துச் சாமான்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண் எந்த நாட்டில் சோதித்து அங்கீகாரம் கொடுத்தார்கள் என்பதைக் காட்டுவது. 1 ஜெர்மனி, 3 இத்தாலி, 4 நெதர்லாந்து, 11 பிரிட்டன். பேட் எங்கே செய்யப்பட்டது என்று அது சொல்லாது. எந்த நாட்டுத் தொழிற்சாலையும் பிரிட்டனில் அங்கீகாரம் வாங்கி 11 போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் அதே முத்திரை வேறொன்றைச் சொல்கிறது. பக்கத்தில் 90ஆர் என்று இருக்கிறதல்லவா? மாற்றுப் பேடுகளுக்கும் லைனிங்குகளுக்குமான ஐரோப்பிய விதி அது. 1990களுக்கு முன்னால் அந்த முத்திரையே கிடையாது. காலிபர் எவ்வளவு பழையதாக இருந்தாலும் இந்தப் பேடுகள் அதற்குப் பிறகு வாங்கியவை. பெரியப்பா டிஸ்க் மாற்றிய பிறகு ஒரு முறையாவது பேட் தேடி வாங்கியிருக்கிறார், சரியான இடத்தில் கேட்டு வாங்கியிருக்கிறார். வீட்டில் ரசீது, கடிதம் ஏதாவது கிடைக்கிறதா பாருங்கள்.

அதே முதுகில் ஐந்து இலக்க எண் ஒன்று இருக்கும். ஐரோப்பியப் பேடுகளில் போடும் டபிள்யூ.வி.ஏ. எண். அது கம்பெனியைச் சொல்லாது, பேடின் வடிவத்தைச் சொல்லும். யார் செய்தாலும் ஒரே வடிவத்துக்கு ஒரே எண். உங்கள் மெக்கானிக்குகள் இருவரின் வாதத்தையும் தீர்க்கப்போவது அதுதான். துருவை மெதுவாகச் சுரண்டுங்கள், உளி வேண்டாம்.

பின் லைனிங்கின் விளிம்பில் எஃப்எஃப் என்று படித்ததாகச் சொன்னீர்கள், "ஜிஜி போட்டால் இன்னும் நல்லதாமே" என்றும் கேட்டீர்கள். அந்த இரண்டு எழுத்துகளும் உராய்வு எவ்வளவு என்பதைச் சொல்பவை. முதல் எழுத்து சூடேறாதபோது, இரண்டாவது சூடேறியபோது. ஈ என்றால் 0.25க்கு மேல் 0.35 வரை, எஃப் என்றால் 0.45 வரை, ஜி என்றால் 0.55 வரை. இது தர வரிசை அல்ல. எவ்வளவு நாள் உழைக்கும், டிரம்மைத் தின்னுமா என்பதெல்லாம் இதில் கிடையாது. பின்னால் மட்டும் ஜிஜி போட்டு மழையில் மிதித்தால் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். இருக்கிறபடி எஃப்எஃப் இருக்கட்டும்.

14 மார்ச்

கொட்டகையிலிருந்து வாசல்வரை நாலு முறை ஓட்டிப் பார்த்ததாகவும் முன் சக்கரம் தொட முடியாத அளவுக்குக் கொதிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஓட்ட வேண்டாம் என்றேன். சரி, ஓட்டியதால் ஒன்று தெரிந்தது.

டிரம் வண்டிக்கான சில மாஸ்டர் சிலிண்டர்களின் வாயில் ஒரு சிறிய வால்வு இருக்கும். காலை எடுத்த பிறகும் குழாயில் சதுர அங்குலத்துக்குப் பத்துப் பவுண்டு அளவில் அழுத்தத்தை நிறுத்தி வைக்கும். டிரம்மில் ஷூவை இழுத்துக்கொள்ள வலுவான ஸ்பிரிங் இருப்பதால் பாதகமில்லை. டிஸ்கில் அப்படி ஸ்பிரிங் கிடையாது, அந்தப் பத்துப் பவுண்டே பேடை டிஸ்கில் உரசிக்கொண்டே இருக்கச் செய்யும். டிஸ்க் மாற்றியவர் பழைய மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விட்டிருந்தால் இதுதான் காரணம். மாஸ்டர் சிலிண்டரைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

15 மார்ச்

நேற்று எழுதியது உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. காரணம் இரண்டு.

படத்தில் இருப்பது கர்லிங் நடுவால்வு வகை மாஸ்டர் சிலிண்டர். அதில் நான் சொன்ன அழுத்த வால்வு கிடையாது. இரண்டாவது, கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை: ஒரு சக்கரமா, இரண்டுமா? வலது மட்டும் என்று இப்போது சொல்கிறீர்கள். மாஸ்டர் சிலிண்டரில் பழுது இருந்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து கொதிக்க வேண்டும்.

ஒற்றைச் சக்கரம் என்றால் பிஸ்டன் துருவில் சிக்கியிருக்க வேண்டும், அல்லது ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி அடைத்திருக்க வேண்டும். உப்பிய ஹோஸ் ஒருவழிக் கதவு போல வேலை செய்யும். கால் அழுத்தம் ஆயிலைத் தள்ளிவிடும். காலை எடுத்தால் ஆயில் திரும்பி வர வலு இல்லை. வெளியே பார்த்தால் ஹோஸ் புதிதுபோல இருக்கும்.

இப்படிக் கண்டுபிடியுங்கள். வலது சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஒருவர் பெடலை மிதித்து விடட்டும். சக்கரம் இறுகியிருக்கும்போது ஹோஸுக்கு மேலே, இரும்புக் குழாய் சேரும் நட்டைக் கால் சுற்று தளர்த்துங்கள். சக்கரம் விட்டால் பழுது மேலே. விடவில்லை என்றால் நட்டை இறுக்கிவிட்டு, காலிபரில் காற்று எடுக்கும் சிறு திருகான நிப்பிளைத் தளர்த்துங்கள். அப்போது ஆயில் பீறிட்டுச் சக்கரம் விட்டால் ஹோஸ். அதற்கும் விடவில்லை என்றால் பிஸ்டன். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வண்டியின் பெயிண்டில் ஆயில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

16 மார்ச்

ஹோஸ்தான். மகிழ்ச்சி. இடப்பக்கத்தையும் சேர்த்து மாற்றுங்கள். புது ஹோஸில் நீளவாக்கில் கோடு ஓடும். மாட்டிய பிறகு அந்தக் கோடு நேராக இருக்க வேண்டும், கயிறுபோலச் சுற்றியிருந்தால் ஹோஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, எங்கும் உரசுகிறதா என்று பாருங்கள். ஹெரால்டின் சக்கரம் மற்ற வண்டிகளைவிட அதிகமாகத் திரும்பும்.

19 மார்ச்

இந்த இழையில் ஒரே ஒரு குறிப்பைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

ஹோஸ் மாற்றும்போது வலது காலிபருக்குள் போகும் சிறிய குழாயின் நட் "கையாலேயே முக்கால்வாசி இறங்கியது, கடைசியில் மட்டும் ஸ்பானர் போட்டேன், ஒழுகவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். படித்தவுடன் உங்களைத் தொலைபேசியில் அழைத்தேன். பேசியதை மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

பிரிட்டிஷ் வழி வந்த பழைய வண்டிகளில் பிரேக் குழாயின் நட் முக்காலே அரைக்காலில் பாதியும் அல்ல, அரை அங்குலமும் அல்ல; எட்டில் மூன்று அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. யு.என்.எஃப். என்பார்கள். பிறகு வந்த மெட்ரிக் வண்டிகளில் எம் 10, மரைக்கு மரை 1 மி.மீ. முதலாவதின் விட்டம் 9.5 மி.மீ., மரை இடைவெளி 1.06 மி.மீ. இரண்டாவதின் விட்டம் 10, இடைவெளி 1. கண்ணால் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். குழாயோ இரண்டிலும் ஒரே கனம்தான், 4.75 மி.மீ. அதனால்தான் இந்தக் குழப்பம் இவ்வளவு சுலபமாக உள்ளே நுழைகிறது.

எம் 10 நட்டை அங்குலத் துளையில் போட்டால் ஒன்றிரண்டு சுற்றிலேயே கடிக்கும், ஆள் உஷாராகிவிடுவார். ஆபத்து மறுபக்கம் இருக்கிறது. அங்குல நட் மெட்ரிக் துளைக்குள் சிரித்துக்கொண்டே இறங்கும். தொளதொளவென்று போய், குழாயின் வாய் அடியில் முட்டியதும் இறுகும். ஒழுகாது. ஏனென்றால் ஒழுகாமல் காப்பது குழாயின் வாய், மரை அல்ல. மரையோ முனையோடு முனை உரசி நிற்கிறது. ஓங்கி மிதிக்கும்போது அந்தக் குழாயில் சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேல் அழுத்தம் எழும். அன்று மரை உரிந்து குழாய் வெளியே வரும். உங்கள் வண்டியில் எல்லாச் சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஆயில் வழி. ஒரு நட் கழன்றால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும்.

சோதனை சுலபம். குழாயே இல்லாத தனி அங்குல நட் ஒன்றை எடுத்துத் துளையில் இரண்டு சுற்று மட்டும் விரலால் இறக்குங்கள். பிறகு அதன் தலையைப் பிடித்து ஆட்டுங்கள். சரியான மரை என்றால் லேசாக அசையும். தவறான மரை என்றால் ஆடும் பல்லைப்போல ஆடும். பத்து நிமிடத்தில் மரை அளக்கும் தகடும் வாங்கிவிடலாம், சீப்புப்போல இருக்கும். அதன் 24 பல் தகட்டை நட்டின் மேல் வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தால் இடையில் வெளிச்சம் தெரியக் கூடாது.

நட்டின் தலையில் எம் என்று எழுதியிருந்தால் அந்த நட் மெட்ரிக். ஆனால் அது நட்டைப் பற்றிய செய்தி, துளையைப் பற்றியதல்ல. துளையைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

20 மார்ச்

மேலே "முக்காலே அரைக்காலில் பாதியும் அல்ல" என்று எழுதியது குழப்புகிறது என்று ஒருவர் சுட்டிக்காட்டினார், சரிதான். அந்தத் தொடரை விட்டுவிட்டு எட்டில் மூன்று அங்குலம் என்று மட்டும் படியுங்கள்.

தனி நட் போட்டுப் பார்த்தீர்கள், இரண்டு காலிபரிலும் ஆடுகிறது. ஆக காலிபர்கள் மெட்ரிக். வண்டியின் பழைய குழாய்கள் அங்குலம். இத்தனை ஆண்டுகள் பெரியப்பா அந்த மரை நுனிகளின் மேல்தான் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். எனக்கு நேற்று இரவு தூக்கம் வரவில்லை.

21 மார்ச்

ஆயில் என்ன வகை என்று தெரியாது என்றீர்கள். ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து நாலு சொட்டு விடுங்கள். கலந்து கரைந்தால் வழக்கமான பிரேக் ஆயில், டாட் 3 அல்லது 4 வகை. கரையாமல் மேலே படலமாக மிதந்தால் வேறு எண்ணெயோ சிலிகானோ உள்ளே போயிருக்கிறது. மினரல் எண்ணெய் என்றால் உள்ளே இருக்கும் ரப்பர் ஒன்றுவிடாமல் மாற்ற வேண்டும், அது பிரேக் ரப்பரை ஊற வைத்து உப்பச் செய்யும். ஹோஸ் உப்பியதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

22 மார்ச்

கரைந்தது என்கிறீர்கள். நல்லது. ஹோஸ் வயதானதால்தான் உப்பியிருக்கிறது. அப்படியும் எல்லாவற்றையும் வடித்துவிட்டு மூடி திறக்காத புது டப்பாவிலிருந்து டாட் 4 ஊற்றுங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 155 வரை இறங்கலாம். பத்து ஆண்டு நின்ற ஆயிலைக் கையில் வைத்துக்கொண்டு கொடைக்கானலுக்குப் போகக் கூடாது.

24 மார்ச்

பிஸ்டன் அளவு வந்துவிட்டது. நான்கும் 48 மி.மீ., வெர்னியரில் 48.0 முதல் 48.1 வரை. இரண்டு பக்கமும் ஒன்று. என் அம்பாசடர் கதை இங்கே நடக்கவில்லை.

எதிரெதிர் இரு பிஸ்டன், 48 மி.மீ., மெட்ரிக் மரை. கர்லிங் 14 வகையின் அளவு இது. 16 வகை என்றால் 54 மி.மீ. இருந்திருக்கும். 14 வகை பிந்தைய டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரில் வந்தது. ஸ்பிட்ஃபயர் ஹெரால்டின் சேஸை (அடிச்சட்டத்தை) குறுக்கி அதன்மேல் கட்டிய வண்டி, முன்பக்க அமைப்பு ஒரே வம்சம். யோசித்துச் செய்தவர் யாராவது இருந்தால் அவர் கை இயல்பாக அங்கேதான் போயிருக்கும்.

இன்று காலை நீங்கள் அனுப்பிய துண்டுச் சீட்டைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது. பினாங்கில் ஒரு கடை, 1983, "ஸ்பிட்ஃபயர் காலிபர் ஒரு ஜோடி". பெரியப்பா அங்கே வேலையில் இருந்தார் என்று இப்போதுதான் சொல்கிறீர்கள்! பெட்டியில் துணிமணியோடு இரண்டு காலிபர்களையும் வைத்துக் கப்பலில் ஏறிய மனிதரை நினைத்துப் பார்க்கிறேன்.

காலிபரில் கம்பெனிப் பெயர் இல்லாததால் அது கர்லிங் செய்ததா, அதே அளவில் வேறு யாராவது செய்ததா என்ற கேள்வி எழும். பெயர் இருந்திருந்தாலும் விடை கிடைத்திருக்காது. சென்னை பாடியில் 1960களிலிருந்து கர்லிங் கூட்டுறவோடு பிரேக் பாகங்கள் செய்திருக்கிறார்கள். அந்தப் பெயர் எந்தக் கரையில் வார்த்தது என்று சொல்லாது. பேட், ரப்பர் கிட், மரை மூன்றுக்கும் இப்போது அளவு தெரியும். டபிள்யூ.வி.ஏ. எண்ணும் ஸ்பிட்ஃபயர் பேடோடு ஒத்துப்போகிறது. வாங்குவதற்கு இது போதும்.

காலிபரைத் தாங்கும் தகடுகளை மட்டும் மறந்துவிடாதீர்கள். அவை கையால் வெட்டியவை என்று விளிம்பைப் பார்த்தாலே தெரிகிறது. கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, போல்ட் துளைகளைச் சுற்றி முடிபோல விரிசல் இருக்கிறதா என்று சுண்ணாம்பு பூசிப் பாருங்கள். எண்ணெய் ஊறிய விரிசல் இருந்தால் வெள்ளையில் கோடாக எழும்.

25 மார்ச்

பெடல் ஆழமாகப் போகிறது, ஆனாலும் மிதிக்கக் கனமாக இருக்கிறது என்பதை நீங்கள் முன்பே சொன்னீர்கள், நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். இரண்டும் வெவ்வேறு காரணம். டிஸ்க் பேட் டிரம் ஷூவைப்போலத் தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளாது. ஆகவே கால் அதிகம் தள்ள வேண்டும். இது பழுது அல்ல. ஆழமாகப் போவதற்குப் பிஸ்டன் பெரியது, அதை நிரப்ப ஆயில் அதிகம் வேண்டும் என்பது ஒரு காரணம். காற்று இருந்தாலும் போகும். நிப்பிள் காலிபரின் மேல் முனையில்தான் இருக்க வேண்டும். உங்கள் முதல் படத்தை மறுபடி பார்த்தேன்: வலப்பக்கத்தில் நிப்பிள் கீழே இருக்கிறது! இடதும் வலதும் மாறி மாட்டியிருக்கிறார்கள். எத்தனை முறை காற்று எடுத்தாலும் மேலே இருக்கும் குமிழி வெளியே வராது. மாற்றி மாட்டுங்கள்.

7 ஏப்ரல்

கோவையில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறையில் இரண்டு சிறிய குழாய்கள் செய்து அனுப்பியிருக்கிறேன். ஹோஸ் பக்கம் அங்குல நட், காலிபர் பக்கம் எம் 10. இரண்டு முனையிலும் குழாயின் வாயை அந்தந்தத் துளையின் அடிக்கு ஏற்றபடி விரித்திருக்கிறது. எம் 10 பக்கத்தில் மஞ்சள் பெயிண்ட் வைத்திருக்கிறேன். மாட்டுவதற்கு முன் காலிபரின் பழைய மரையில் எம் 10 நட் எல்லாச் சுற்றும் கடிக்காமல், தளராமல் இறங்குகிறதா பாருங்கள். இரண்டு மரை நசுங்கியிருந்தாலும் அந்தக் காலிபரைப் போடாதீர்கள், வேறு தேடுவோம்.

21 ஏப்ரல்

பிள்ளையார்பட்டிவரை போய்த் திரும்பியதாகச் செய்தி வந்தது. நேராக நிற்கிறது, இரண்டு முன் சக்கரமும் ஒரே சூடு, பெடல் பாதியில் நிற்கிறது. பெரியம்மாவும் வண்டியில் இருந்தார்களாம்.

ஒரு வேலை பாக்கி. அலுமினியத் தகடு ஒன்றை விசிட்டிங் கார்டு அளவில் வெட்டி, எழுத்துக்குத்தியால் இதை அடித்து, பானட்டுக்குள்ளே மாஸ்டர் சிலிண்டருக்குப் பக்கத்தில் ரிவெட் செய்யுங்கள்: முன் காலிபர் கர்லிங் 14 அளவு, பிஸ்டன் 48, மரை எம் 10. ஹோஸ் பக்கம் எட்டில் மூன்று யு.என்.எஃப். ஆயில் டாட் 4. பினாங்கு 1983, காரைக்குடி 2024.

அடித்ததும் படம் அனுப்புங்கள்.